பற்றரி கேட்காத பொறி

சர்மிளா பிடிவாதக்காரி என்று ஊரே சொல்லும். அவளும் மறுப்பதில்லை. பதினாறு வயதில் தகப்பன் இராயப்புவின் தோணி எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டியவள், இருபத்தொன்பதில் மட்டக்களப்பு வாவிக்கரையில் விமானம் ஓட்டப் பழக்கும் சின்னக் கம்பெனியொன்றில் மெக்கானிக். அங்கே அவள் ஒருத்திதான் பெண்.

அன்று ஆயுத பூசை. விமானத்துக்கு மாலை போட்டு, விருந்தாளிகளையும் அழைத்திருந்தார் மனேஜர் உதயரூபன். காலையில் எஞ்சினைச் சோதித்தபோதே சர்மிளாவுக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் இரண்டு மக்னீட்டோவில் ஒன்றைச் சாவியால் நிறுத்தினால் எஞ்சின் வேகம் சற்றுக் குறையவேண்டும். குறையவே இல்லை. "அவ்வளவு திறமான எஞ்சின்!" என்று மனேஜர் பூரித்துப்போனார். பாதுகாப்புக்கென்று பற்றரியையும் கழற்றிவைத்தார், பெரிய கெட்டிக்காரர்.

விமானத்தின் மூக்கு விசிறியில் மேல் அலகுக்குச் சந்தனம் வைத்தாயிற்று. கீழ் அலகுக்கும் வைக்கவேண்டுமே! அதை மேலே கொண்டுவர மனேஜர் விசிறியைக் கையால் சுற்றப் போனார். சர்மிளா குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதீங்க சேர். மக்னீட்டோவ நிப்பாட்டுற வயர் அறுந்து கிடக்கு."

"பற்றரியே இல்ல பிள்ளை. எங்க இருந்து கரண்ட் வாற?"

"அது பற்றரியக் கேக்காது சேர். விசிறி சுத்தினா உள்ளுக்குக் காந்தம் சுத்தும். அதுவே கரண்டப் போடும்."

"சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளைக்குப் பூசை பிடிக்கல்ல போல" என்றார் விருந்தாளி ஒருவர். சர்மிளாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மனேஜருக்கும் கோபம் ஏறியது.

"விலகு. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

"வேல போனாப் போகட்டும். இஞ்ச ஒருத்தர்ட கையும் போக விடமாட்டன். அரை மணித்தியாலம் தாங்க, காட்டுறன்."

மனேஜரின் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எஞ்சின் பற்றிக்கொள்ள வழியில்லாதபடி உள்ளே பொறி தட்டும் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றினாள். ஒன்றை மட்டும் அதன் வயரில் மாட்டி, எஞ்சின் உடம்பில் படும்படி வெளியே வைத்தாள். எல்லாம் நிறுத்தியிருக்கிறது என்று காட்ட, சாவியை எடுத்து மனேஜரின் கையிலேயே கொடுத்தாள். பிறகு விசிறியை மெல்லச் சுற்றினாள்.

'டக்' என்றது. பிளக்கின் நுனியில் நீலப் பொறி பாய்ந்தது. இன்னொரு முறை சுற்றினாள். மறுபடியும் பாய்ந்தது. இதே பொறி எஞ்சினுக்குள் மிஞ்சியிருந்த பெற்றோலில் விழுந்திருந்தால் விசிறி என்ன செய்திருக்கும் என்று யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. விருந்தாளிகள் பின்னால் நகர்ந்தார்கள்.

உதயரூபன் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"இவ்வளவு ஆக்களுக்கு முன்னால என்ட மானத்த வாங்கிப்போட்டாயே, பிள்ளை."

"மானம் திரும்பி வரும் சேர்" என்றாள் சர்மிளா. "கை வருமா?"