நான் அழித்த பெயர்

எங்கள் அலுவலகத்தில் அவரை ‘நோட்டீஸ் அக்கா’ என்போம். நாங்கள் விற்கும் ஒவ்வொரு இயந்திரத்தோடும் ஒரு தாள் போகும். உள்ளே யார் யார் எழுதிப் பொதுவில் வைத்த ஓப்பன் சோர்ஸ் நிரல்கள் இருக்கின்றன, என்ன நிபந்தனையில் எடுத்தோம் என்று அதில் இருக்கும். அந்தத் தாள் அக்காவின் வேலை. வேறு யாரும் அதைப் படிப்பதில்லை.

வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து வந்தவர். கட்டியவனின் பெல்ட் அடியைப் பத்து வருடம் வாங்கியவர், பதினோராவது வருடம் குக்கர் மூடியால் அவன் மண்டையைப் பிளந்துவிட்டு மகளோடு வெளியேறினார். அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்: “ஏழு தையல் தம்பி. விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

நான் நிரல் எழுதுபவன். வண்டி நம்பரைப் படித்து கேட்டைத் திறக்கும் கேமராதான் எங்கள் சரக்கு. படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் பகுதி என்னுடையதல்ல. எங்கோ இருக்கும் ஒருவர் எழுதி இணையத்தில் வைத்தது. விற்கலாம், தடையில்லை. ஆனால் அவர் பெயரை நீக்கக் கூடாது. வாங்குபவர் கேட்டால், நாம் செய்த மாற்றங்களோடு நிரலைக் கொடுக்க வேண்டும். முதலாளிக்கு இரண்டுமே கசந்தன.

“ஓசில போட்டு வெச்சவனுக்குப் பேரு ஒரு கேடா? தூக்குடா!”

நூற்றுப்பத்துக் கோப்புகளிலும் அந்தப் பெயரை அழித்து எங்கள் கம்பெனிப் பெயரைப் போட்டேன். வெட்கமில்லாமல் டீ குடிக்கவும் போனேன்.

ஒன்றைக் கோட்டை விட்டேன். ஏற்கெனவே கம்பைல் செய்து, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றி வைத்திருந்த துண்டை நான் தொடவில்லை. கேமராவுக்கு எதுவும் தெரியாவிட்டால், அந்தத் துண்டு எழுதியவரின் பெயரோடு பிழைச்செய்தி காட்டும். அக்காவோ, கையெழுத்துப் போடுமுன் லென்ஸை உள்ளங்கையால் மூடிப் பார்க்கிற ஆள். மூடினார். திரையில், தாளில் இல்லாத அந்தப் பெயர் வந்தது.

மறுநாள் ஒரு ஆஸ்பத்திரிக்குச் சரக்கு போக வேண்டும். ‘அனைத்தும் எங்கள் சொந்தப் படைப்பு’ என்ற கடிதத்தில் அக்கா கையெழுத்திட வேண்டும். தாளோடு முதலாளி அறைக்குப் போனார். கண்ணாடிச் சுவர், எல்லாமே தெரிந்தது, கேட்டது.

“பேரைத் திரும்பப் போடுவோம் சார். ‘சொந்தப் படைப்பு’ங்கறதை எடுத்துடுவோம். கேட்டா நிரலைத் தர்றோம்னு ஒரு வரி சேர்ப்போம். அப்ப போடறேன் கையெழுத்து.”

“நீ யாருடி எனக்குப் புத்தி சொல்ல?”

முடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். அக்கா கைக்கு அகப்பட்ட பஞ்சிங் மெஷினால் அவன் காதில் போட்டார். அவன் அவரது வலது கையை முறுக்கி இழுப்பறைக்குள் திணித்து, காலால் உதைத்துச் சாத்தினான். மறுபடியும் உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் எங்கள் நாற்காலி வரை வந்தது. கையெழுத்துக் கேட்டவன் கையெழுத்துப் போடும் கையையே உடைத்தான், முட்டாள்.

வெளியே பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருவரும் எழவில்லை. கால் வரவில்லை என்பதெல்லாம் சாக்கு. வேலை போய்விடுமென்றுதான் உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அக்கா போலீசுக்குப் போனார்; பார்த்தவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். ஸ்டேஷனுக்கு முதலாளி காதில் கட்டோடு வந்தான். “அந்தம்மாதான் மேல பாஞ்சுது சார். கை தானா டிராயர்ல மாட்டிக்கிச்சு.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். “நீ பார்த்தியா?”

நான் முதலாளியைப் பார்த்தேன்.

“அவனை விட்டுடுங்க சார்,” என்றார் அக்கா என்னைக் காட்டி, மாவுக்கட்டைத் தாங்கிப் பிடித்தபடி. “ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு அவனுக்கு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“பார்த்தேன் சார். உதைச்சுதான் டிராயரைச் சாத்தினாரு. பேரை அழிச்சது நான். இவரு சொல்லித்தான் அழிச்சேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அவன் முஷ்டி என் வாயில் இறங்கியது. ஒரு பல் மேசைக்கடியில் உருண்டது. இரண்டு போலீஸ்காரர்கள் அவனைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார்கள்.

அக்கா இடது கையால் புகாரில் கையெழுத்திட்டார், கோணல்மாணலாக, வெகு நேரம். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார்.

“முழுப் பேரையும் எழுது தம்பி.”

தாளில் ரத்தம் சொட்டாமல் வாயைப் பொத்திக்கொண்டு, சாட்சி என்ற இடத்தில் எழுதினேன்.