உளுந்து மேல் ஓடிய கார்

சுப்பராயலுவுக்குத் தூரத்தில் இருப்பதெல்லாம் நன்றாகத் தெரியும். எதிரே பஸ் வருவது எனக்குப் புள்ளியாகத் தெரியும்போதே அது எந்த ஊர் பஸ் என்று சொல்லிவிடுவார். கிட்டத்தில் இருப்பதுதான் தெரியாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள மீட்டர் அவருக்கு வெறும் கலங்கல். படிக்கிற கண்ணாடியைப் போட்டால் ரோடு மங்கிவிடும் என்று அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்.

அதனால் என்னிடம் கேட்பார். "முள்ளு எங்க இருக்குதும்மா?"

என் மாமியார் தையல்நாயகியை வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது அவருடைய கார்தான். எங்கள் ஊர் பெருமுக்கல் பக்கம். அங்கிருந்து திண்டிவனம், அப்புறம் விழுப்புரம் போகும் பெரிய ரோடு. மாமியார் பின் சீட்டில் என் தோளில் சாய்ந்துகொள்வார். முன் சீட்டுகளுக்கு நடுவே உள்ள சந்தில் எனக்கு மீட்டர் நேராகத் தெரியும். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சின்னது. ஒரு ஓரத்தில் நீலக் கோடு, மறு ஓரத்தில் சிவப்புக் கோடு.

"நடுவுல இருக்குதுங்க" என்பேன்.

"அப்ப சரி" என்பார்.

ரொம்ப நாள் எங்கள் பேச்சு அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் செல்வகுமார் மஸ்கட்டில் வேலை செய்கிறார். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். வெளி ஆட்களிடம் என்ன பேசுவது என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. முள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் தயங்காமல் பதில் வந்தது. பார்த்ததைச் சொன்னால் போதும்.

சுப்பராயலுவுக்கு அறுபது தாண்டியிருக்கும். இள வயதில் லாரி ஓட்டினார். பிறகு இந்த வெள்ளை டீசல் காரை வாங்கி, அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்கு ஆட்களை ஏற்றிப் போனார். எதிர் வண்டி வெளிச்சம் கண்ணில் குத்த ஆரம்பித்ததும் ராத்திரிச் சவாரியை விட்டுவிட்டார். மனைவி இறந்து வருஷங்கள் ஆகின்றன. மகள் கலைப்பிரியா பெங்களூரில். திண்டிவனத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். இப்போது எல்லோரும் போனிலேயே வண்டி கூப்பிடுகிறார்கள். போனில் வருகிற எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. எங்களை விட்டால் நிலையான சவாரி வேறு கிடையாது. இதெல்லாம் அவராகச் சொன்னதல்ல. மாமியார் துருவித் துருவி வாங்கியது.

முன் சீட்டில் ஒரு தண்ணீர் கேன் இருக்கும். அதற்குப் பெல்ட் போட்டிருப்பார்.

"யாருப்பா முன்னால, மாப்பிள்ளையா?" என்று மாமியார் ஏறும்போதே கேட்பார்.

"ஆமாக்கா. பெல்ட்டு போடலன்னா உருண்டுக்கினே வர்றாரு."

"தண்ணிய உள்ள தள்ளிக்கினு உருள்றவனா? அப்ப மாப்பிள்ளையேதான்."

அவர் சிரித்தாலும் சத்தம் வராது. தோள் மட்டும் அசையும். சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது ஓர் இடத்தில்தான்.

மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் ஊர் முனையில் உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகளின் சக்கரம் நெற்றை உடைத்துக் கொடுக்கும். செடியைத் தூக்கி உதறினால் உளுந்து கீழே நிற்கும். வெளியூர்க் கார்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கிப் போகும். சுப்பராயலு ஒதுங்க மாட்டார். செடி எங்கே கனமாகக் கிடக்கிறதோ அங்கே பார்த்து ஏற்றுவார். எங்கள் வீட்டு வாசலில் இருந்தே அதெல்லாம் தெரியும். காலையில் எங்களை ஏற்ற அவர் காலி வண்டியாக வரும்போது, பாண்டுரங்கன் செடி கிளறும் கவைக்கோலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். உளுந்து அவருடையது.

"காரண்ணே, இன்னொரு வாட்டி ஏத்து."

கார் ரிவர்ஸில் வரும், மறுபடி போகும், மறுபடி வரும். செடி உதறிக்கொண்டிருக்கும் பெண்கள் கேலி பேசுவார்கள். "காரண்ணனுக்குக் கூலி யாரு குடுக்கறது?" "கூலி எதுக்கு, கல்யாணம் பண்ணி வெச்சிட்டா போவுது." அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஏதோ பதில் சொல்வார். சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பார். எங்கள் வாசல்வரை கேட்கும். சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வருவார். எங்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போதும் அதன் மேலேயே மெதுவாகப் போவார். அத்தனை பேரும் கையை உயர்த்துவார்கள். அவர் ஹாரனை லேசாகத் தட்டுவார்.

அந்த மாசியில்தான் முள் ஏற ஆரம்பித்தது.

"முள்ளு எங்க இருக்குதும்மா?"

"நடுவுக்குக் கொஞ்சம் மேலங்க."

அவர் ஏசியை நிறுத்தினார். மாமியார் ஸ்கேன் கவரால் விசிறிக்கொண்டார். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் மேலே போனது. திண்டிவனத்தில் மணிமாறன் என்கிற மெக்கானிக்கிடம் காட்டினார். மணிமாறன் ரேடியேட்டர் தண்ணீரை மாற்றி, புதுக் கூலன்ட் ஊற்றினார். பிறகு தண்ணீரைத் திறந்துவிடும் வால்வை மாற்றினார். பிறகு மூடி. ஒவ்வொரு தடவையும் சுப்பராயலு புது நம்பிக்கையோடு வருவார். ஒவ்வொரு தடவையும் நான்தான் அதைக் கெடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் "நடுவுல" என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மாமியார் மூச்சு தோளில் பட்டுக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

பங்குனி வெயிலில் கூட்டேரிப்பட்டு பாலம் தாண்டியதும் முள் சிவப்பைத் தொட்டது. நான் சொன்னதும் அவர் ஹீட்டரைத் திருகினார். உள்ளே அனல் அடித்தது.

"என்னப்பா, உயிரோட வேகவெக்கறியா?" என்றார் மாமியார்.

"இன்ஜினு சூட்ட இந்தப் பக்கம் இழுத்துக்கலாம்க்கா. ஜன்னல எறக்கிக்கோங்க."

கொஞ்ச தூரம் தாங்கியது. அப்புறம் பானெட்டின் ஓரத்தில் ஆவி வந்தது. ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினார். லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து மூடியைத் திறக்கப் போனார். சுப்பராயலு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வாணாம்பா. இப்பத் தொறந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சிலதான் அடிக்கும்." சூடு தணியும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். முந்தானையால் மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். சுப்பராயலு எங்கள் பக்கம் பார்க்கவில்லை. கேனைக் கையில் வைத்துக்கொண்டு காருக்கு முன்னால் நின்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் முறை போய்விட்டது. அடுத்த முறைக்காகச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். மாமியார் கால் வீங்கிவிட்டது.

செல்வகுமார் போனில் கத்தவில்லை. "திண்டிவனத்துல ஒரு ட்ராவல்ஸ்ல சொல்லிட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து அவங்க வண்டி வரும். நீ அவருகிட்ட சொல்லிடு" என்றார். சரி என்றேன்.

என்னால் சொல்ல முடியவில்லை. மறுமுறை காரில் போகும்போது மாமியாரே சொல்லிவிட்டார். "சுப்பராயலு, என் புள்ள வேற வண்டி வெக்கறானாம். உங்கூட இன்னிக்கித்தான் கடைசி."

"சரிங்கக்கா. அவரு சொல்றதும் நாயம்தான்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நாளைக்கு எங்க போறதுன்னு வண்டிதான் கேக்கும்" என்றார். அன்று மெதுவாகவே ஓட்டினார். முள் சிவப்புக்குப் போகவில்லை. ஆனாலும் முள்ளைப் பற்றி என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

திரும்பும்போது மணிமாறனின் பட்டறையில் நிறுத்தினார். "பத்து நிமிசம்க்கா" என்றார். மணிமாறன் டார்ச்சை அடித்து, முன்னால் வலைபோல் இருக்கும் ஜாலியைப் பார்த்தார். "தொடச்சு வெச்சா மாதிரி இருக்குது. ஃபேனு ஓடுது. பேஜாரா இருக்குதுண்ணே. நின்னா ஏறுதா, ஓடுனா ஏறுதா?"

சுப்பராயலு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்தம்மாவக் கேளு. அவங்கதான் பாக்கறாங்க."

பட்டறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நின்னா ஏறலங்க" என்றேன். "விக்கிரவாண்டி டோல்கேட்டுல லைன்ல நின்னா கீழகூட எறங்கும். பெரிய ரோட்டுல வேகமா போனாதான் ஏறும். பாலம் ஏறுனா இன்னும் ஏறும்."

மணிமாறன் டார்ச்சை அணைத்தார். "அப்ப ஃபேனு இல்ல. ஃபேனு கெட்டிருந்தா நிக்கும்போதுதான் ஏறும். ஓடும்போது சூடு ஜாஸ்தி, காத்து ஜாஸ்தி வேணும். அந்தக் காத்துதான் உள்ள போவல." முன்னால் இருப்பது ஏசிக்கான ஜாலி என்றும் ரேடியேட்டர் அதற்குப் பின்னால் இருக்கிறது என்றும் சொன்னார். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. வெளியிலிருந்து அது தெரியாது. பம்பரைக் கழற்றி, ஏசி ஜாலியை அசைத்து விலக்கினார்.

நடுவே ஒரு பாய் விரித்திருந்தது. நெற்றுத் தோலும் இலைத் தூளும் தூசியும் அழுந்திக் கெட்டியாகி, ரேடியேட்டரின் முகத்தை மூடியிருந்தன. மணிமாறன் விரலால் உரித்தார். தகடு தகடாக வந்தது. அங்கங்கே உடையாத நெற்றும் இருந்தது. காய்ந்த உளுந்துச் செடியின் வாசனை பட்டறை முழுக்க அடித்தது.

"உளுந்து இன்னும் இருக்குதே. ஒரு வடை தேறும்" என்றார் மாமியார்.

சுப்பராயலுவின் தோள் அசையவில்லை. கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, கிட்டத்தில் பார்த்தார்.

"இனிமே செடி மேல ஏத்தாதண்ணே" என்றார் மணிமாறன். "இதே சருகு அடியில சைலன்சர்ல சுத்திக்கினா நெருப்பே புடிக்கும். ஆளுங்கள வெச்சிக்கினு ஓட்டுற."

"ஏத்தல" என்றார் சுப்பராயலு.

வீட்டுக்கு வரும்வரை முள் நடுவிலேயே நின்றது. பெரிய ரோட்டில் வேகமாகப் போய்ப் பார்த்தார். நின்றது. அன்று நான் செல்வகுமாருக்குப் போன் செய்தேன். நானாகச் செய்வது குறைவு. "என்ன, அம்மாவுக்கு என்ன?" என்று பதறினார். "ஒண்ணும் இல்லங்க. முள்ளு நடுவுல நிக்குது. கோளாறு தெரிஞ்சிடுச்சு. இவரே வரட்டும்" என்றேன். "நீ பாத்தியா?" என்று கேட்டார். "பாத்தேன்." "அப்ப சரி" என்றார்.

திங்கட்கிழமை காலையில் வாசலில் நின்றேன். சுப்பராயலு செடி தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே காரை நிறுத்தி இறங்கிப் போனார். பாண்டுரங்கனிடம் பேசுவது தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. பாண்டுரங்கன் தலையாட்டினார். பெண்களைக் கூப்பிட்டார். எல்லோரும் கவைக்கோலால் செடியை ஒரு பக்கமாக ஒதுக்கினார்கள். ஒரு கார் போகிற அகலத்துக்கு ரோடு கறுப்பாகத் தெரிந்தது. ஒருத்தி துடைப்பத்தால் அதையும் பெருக்கிவிட்டாள். அத்தனை மரியாதை. கார் வரும்போது விலகி வரப்போரம் நின்றார்கள். வெளியூர்க் காருக்கு நிற்பதுபோல நின்றார்கள்.

எங்களை ஏற்றிக்கொண்டு அந்த வழியில் திரும்பினார். எதிரே ஒரு டிராக்டர் வந்துகொண்டிருந்தது. பாண்டுரங்கன் கவைக்கோலை அதைப் பார்த்துத் தூக்கினார். "ஏத்து, ஏத்து, இந்தப் பக்கம்." பெண்களும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். சுப்பராயலு ஹாரனை லேசாகத் தட்டினார். டிராக்டர் சத்தத்தில் கேட்டிருக்காது.

மாமியார் கண்ணை மூடியிருந்தார். முன் சீட்டில் கேன் பெல்ட்டோடு இருந்தது. பெரிய ரோட்டுக்கு வந்து வேகம் எடுத்ததும் கேட்டார்.

"முள்ளு எங்க இருக்குதும்மா?"

"நடுவுலங்க."

"அப்ப சரி."

கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். அதற்குள் மாறியிருக்காது என்று அவருக்கும் தெரியும். எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"நடுவுலதாங்க இருக்குது."