மீன் வயிற்றுக்குள் ஒரு குமிழ்

செருப்பு வாங்கி வந்த அட்டைப்பெட்டியில் சதுரமாக ஓர் ஓட்டை. உள்ளே இரண்டு மூங்கில் குச்சிகள், அவற்றில் நீளமாக ஒட்டிய காகிதச் சுருள். குச்சியைத் திருகினால் ஓட்டை வழியே படம் படமாக நகரும். எழுபதுகளில் பழங்காநத்தத்தில் எங்கள் சபையில் ஞாயிறுதோறும் நடந்த ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுதான் சினிமா. வரைந்தவர் அவர்களுடைய டீச்சர். வாரம் முழுக்கத் தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. ஞாயிறு வந்தால் கையெல்லாம் வண்ணம். அவருக்கும் என் வயதுதான், ஆனாலும் நானும் டீச்சர் என்றே கூப்பிட்டேன்.

வேதக் கதைகளைத்தான் கார்ட்டூனாகப் போடுவார். மீன் விழுங்கிய தீர்க்கதரிசிக்கு முடி குத்திட்டு நிற்கும், கண் பிதுங்கும். பிள்ளைகள் அந்தத் தீர்க்கதரிசிக்கு மீன் தாத்தா என்று பெயரே வைத்துவிட்டார்கள். மீனோ வாய் கொள்ளாமல் சிரிக்கும். போதகர் ஐயா ஒருமுறை முகம் சுளித்து, மீன் சிரித்ததாக வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். "சிரிக்கலைன்னும் போடலையேய்யா" என்றார் டீச்சர், தலையைக் குனிந்தபடி. போதகருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. பயப்படாதே என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லமாட்டார். எதற்குப் பயமோ அதைப் பிள்ளையையே சொல்லவைத்து, முதலில் அதை வரைந்துவிடுவார். அதற்குப் பிறகுதான் சாமி கதை. தெருநாய்க்குப் பயந்த ஒருவனுக்காக, சிங்கக் குகைக் கதையில் சிங்கங்களுக்கு நடுவே எங்கள் தெருச் சொறிநாயும் வாலாட்டிக்கொண்டு படுத்திருந்தது. இப்போது டிவியில் விதவிதமாகச் சாமி கார்ட்டூன் வருகிறது. பேத்தியோடு நானும் பார்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் உனக்கு எதற்குப் பயம் என்று அவை யாரையும் கேட்பதில்லை.

என் மகளுக்கு இருட்டென்றால் பயம். கரண்ட் போனால் வீடே அதிர அலறுவாள். இருட்டில் என்ன இருக்கிறது என்று டீச்சர் கேட்டதற்கு, "ஒண்ணுமே இல்ல டீச்சர், அதான் பயமா இருக்கு" என்றாளாம். டீச்சர் ஒரு தாள் முழுக்கக் கறுப்பு அடித்தார். அதுதான் மீனின் வயிறு. அதற்குள் மீன் தாத்தாவின் கண்கள் மட்டும். பக்கத்தில் ஒரு குமிழில், "சாமி, இருக்கீங்களா?" அடுத்த தாளும் கறுப்பு. ஆளே தெரியாத இடத்தில் இன்னொரு குமிழ்: "இருக்கேன்." மகள் அந்த இரண்டையும் திரும்பத் திரும்பத் திருகிப் பார்த்தாள்.

அவளுக்கு ஐந்து வயதில் மாறுகண்ணைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை நடந்தது. சில நாள் இரண்டு கண்ணையும் கட்டித்தான் வைத்திருப்போம், அழுது கட்டைப் பிய்த்தால் செய்ததெல்லாம் வீண் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். படம் காட்டித் தேற்றலாம் என்றால் கண்ணையே அல்லவா கட்டிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் டீச்சர் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதன்முறையாக வெறுங்கையோடு. டீச்சர் வந்திருக்கிறார் என்று மகளிடம் சொன்னேன். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தைரியம் வரைந்து கொடுத்த மனுஷி, கட்டோடு கிடந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், ஒங்க கை நடுங்குது" என்றாள் மகள்.

பிறகு டீச்சரின் உள்ளங்கையை விரித்து, அதில் விரலால் மெதுவாகக் கோடு இழுத்தாள். "இது மீனு. இது வாலு. நாம ரெண்டு பேரும் இதுக்குள்ளதான் இருக்கோம். நான் நேத்தே வந்துட்டேன். நீங்க இப்பத்தான வாரீக, போகப்போகப் பழகிரும்."

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கட்டுப் பிரிக்கும்வரை மகளின் கை ஒருமுறைகூடக் கண் பக்கம் போகவில்லை.