கோடு விழாத எண்

ஒக்கலிபுரத்தில் நான் வைத்திருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஞாயிறுதோறும் ஒரு செக்யூரிட்டி வருவார். சீருடையில் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுப்பார். அதில் அவர் மகள் கைப்பட எழுதிய பாஸ்வேர்டும் பத்து எண்களும் இருக்கும். ஃபோன் தொலைந்துபோனால் ஓடிபி இல்லாமலே, அவள் படங்களைச் சேர்த்து வைத்திருந்த இணையக் கணக்கைத் திறக்க உதவும் எண்கள் அவை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் செல்லும். "உன்கிட்ட இருந்தா பத்திரம்ப்பா" என்று கொடுத்து வைத்தாளாம். தங்கவயல் ரயிலிலிருந்து அவள் தவறி விழுந்து இறந்த அன்று ஃபோனும் போய்விட்டது.

ஒரு எண்ணைத் தட்டி, அவள் படங்களை அரை மணி நேரம் பார்ப்பார். பிறகு என்னிடம் ஸ்கேல் வாங்கி, அந்த எண்ணின் மேல் மெல்லிசாக ஒரு கோடு போடுவார். எல்லாப் படங்களையும் நான் பிரிண்ட் போட்டுக் கொடுத்த பிறகும் வந்தார்.

ஒன்பதாவது கோடு விழுந்த அன்று எனக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணா, இங்க ஒரு பட்டன் அமுக்குனா புதுசா பத்து நம்பர் வரும். பழசு செல்லாது, அவ்ளோதான்."

அவர் அவசரமாகத் தாளை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"வேணாம்மா. அவ எழுதுனது செல்லாமப் பூடும்."

அடுத்த ஞாயிறும் வந்தார். தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எண்ணைக் கேட்கும் கட்டம் திரையில் காலியாகவே இருந்தது. நான் எடுத்து வைத்திருந்த ஸ்கேலை அவர் கேட்கவே இல்லை.