ஒரு மணி வண்டிக்குக் காத்திராத தேவதாஸ்

காஜா பேராங் பகுதியில் குடியிருந்த தேவதாஸ், நகர மருத்துவமனை ஒன்றின் ஆண்கள் வார்டில் பதினோரு ஆண்டுகள் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர். அவரைப் பற்றிய அலுவலகக் குறிப்பு ‘ஒழுங்கு மீறியவர்’ என்கிறது. அதன் நகல் என்னிடம் உள்ளது. நடந்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1959 ஜூலை 9, வியாழக்கிழமை. என் அண்ணன் முகைதீன் பக்கவாதத்தில் விழுந்து மூன்றாம் நாள். வாய்வழி எதுவும் இறங்காததால், கஞ்சிக்காக மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். காலையில் காய்ச்சல் 103. பத்து மணிக்கு வந்த டாக்டர், ஆஸ்பிரினைக் கரைத்துக் குழாய் வழியே உடனே கொடுக்கும்படி சீட்டெழுதிச் சென்றார்.

மருந்து வண்டியோ ஒன்பதுக்கே வார்டைக் கடந்திருந்தது. அடுத்தது ஒரு மணிக்கு. இடையில் எழுதப்படும் சீட்டு ஆணியில் தொங்கும். வார்டுப் பொறுப்பிலிருந்த சிஸ்டர் கையெழுத்திட்டால்தான் மருந்து அலமாரி திறக்கும். சிஸ்டர் கூட்டத்தில் இருந்தார்.

10.50க்குக் காய்ச்சல் 104. அண்ணி ரோஷன் பீவி, வெளிக்கடையில் வாங்கி வந்த ஆஸ்பிரினைத் தண்ணீரில் நசுக்கி அண்ணன் வாயருகே கொண்டுபோனார். தேவதாஸ் ஓடிவந்து டம்ளரைப் பற்றினார்.

“ஊத்தாதீங்கம்மா! தொண்டை வேலை செய்யல. நெஞ்சுக்குள்ள போயிரும்.”

“அப்ப நீங்க குடுங்க! ஆணியில தொங்குற காயிதம் சூட்டை எறக்குமா?”

தேவதாஸ் கதவைப் பார்த்தார். சிஸ்டர் வரவில்லை.

“மாத்திரை இன்னும் இருக்காம்மா?”

அண்ணி பொட்டலத்தை நீட்டினார். எதிர்க்கட்டிலருகே நின்ற சிப்பந்தி பொன்னுதுரை சிரித்தார். “என்ன லா, டாக்டராயிட்டியா? வேலை போயிரும் பாத்துக்க.”

“டாக்டர் எழுதுனதத்தான் குடுக்குறேன். வெந்நிய எடு, பேசாத.”

குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று சோதித்தார். கரைசலை மெதுவாக இறக்கினார். பிறகு என்னிடம், “பாய், மணி என்ன?” என்றார்.

“பதினொண்ணு அஞ்சு.”

நோயாளியின் அட்டையில் நேரத்தையும் அளவையும் எழுதி, ‘கையெழுத்தின்றி, வெளி மாத்திரை’ என்றும் சேர்த்துத் தம் பெயரை இட்டார்.

12.15க்கு 102. ஒரு மணிக்கு வண்டியோடு வந்த சிஸ்டர் அட்டையைப் படித்தார்.

“யார் வேலை இது?”

“என் வேலைதான், சிஸ்டர்.”

விசாரணைக்கு நான் கொடுத்த மூன்று பக்க வாக்குமூலம் கோப்பில் சேர்க்கப்படவில்லை. சேர்க்காததற்குக் காரணம் கேட்டு நான்கு கடிதங்கள் எழுதினேன்; பதில் இல்லை. தேவதாஸை ஜாசின் என்ற சிற்றூர் மருத்துவமனைக்கு மாற்றினார்கள்.

புறப்படுவதற்கு முன்தினம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வீடு திரும்பியிருந்த அண்ணன் இடக்கையால் தண்ணீர் குடிப்பதை உட்கார்ந்து கவனித்தார்.

“குடிக்கிறப்ப இருமுறாராம்மா?”

“இல்ல.”

“இன்னொரு மடக்கு குடிக்கச் சொல்லுங்க,” என்றார்.