கூப்பிட ஆளில்லாத சாப்பாட்டு மேசை

மேசை நிறையச் சாப்பாடு இருந்தது. கதிரை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருவர்கூட எழும்பி வரவில்லை. கேற்றரிங் தொழிலில் சாப்பாடு போதாமல் போன நாளையும் கண்டிருக்கிறேன், கறி அடிப்பிடித்த நாளையும் கண்டிருக்கிறேன். நான் பொரித்துக் கொண்டுபோய் வைத்த கட்லட்டை ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டு சும்மா குந்தியிருந்ததை அன்றுதான் கண்டேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். "இந்திராணி அக்கா, வேலையும் லேசா இரிக்கணும், எல்லாருக்கும் பிடிக்கவும் வேணும். அப்பிடி என்ன சாப்பாடு போடலாம்?" அவர்களுக்காகத்தான் கல்லடியில் ஒரு வீட்டில் நடந்த இந்தக் கதையை எழுதுகிறேன்.

மஞ்சள் மட்டை, சிவப்பு மட்டை

சிவபாலன் ஐயா ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நிறுவனம் அவரை விட்டாலும் அவர் நிறுவனத்தை விடவில்லை. மகள் தர்சினிக்குக் கலியாண நிச்சயம், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சித்தாண்டி ஊர். மெனு கதைக்க வாருங்கள் என்று போனில் சொன்னார். போய்ப் பார்த்தால் வீட்டு ஹோலில் பெரிய வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறது. அவருடைய மனைவி மலர், இரண்டு அயலவர்கள், நான். எங்கள் எல்லாருடைய கையிலும் கலர் மட்டைகள்.

"மஞ்சள் மட்டையில விருப்பமான சாப்பாட்ட எழுதுங்க. சிவப்பு மட்டையில ஆட்சேபணைய எழுதுங்க. சரி பிழை எண்டு ஒண்டுமில்ல. எல்லாக் கருத்தும் முக்கியம்" என்றார்.

எல்லாக் கருத்தும் முக்கியமானதால் எந்தச் சாப்பாடும் மிஞ்சவில்லை. புரியாணிக்கு ஒரு சிவப்பு மட்டை விழுந்தது: மாப்பிள்ளையின் பெரியம்மா மீன், இறைச்சி தொடமாட்டார். இறால் பிரட்டல் யாரோ ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாது. பட்டுச்சேலையோடு இருந்து நண்டு உடைக்க ஏலாது. தயிர் சாப்பிட்டால் தடிமன் பிடிக்கும். புட்டு போட்டோவில் நன்றாக வராது. கடைசியில் வெள்ளைத்தாளில் மிஞ்சியவை சின்னச் சதுரமாக வெட்டிய சான்விச், மரக்கறிக் கட்லட், முட்டை போடாத கேக், குச்சி குத்திய வத்தகப்பழத் துண்டு. ஆஸ்பத்திரி வார்ட்டில் கொடுத்தாலும் டொக்டர் மறுப்புச் சொல்லமாட்டார்.

"ஐயா, சோறில்லாம ஒரு நிச்சயமா?" என்று கேட்டேன்.

"அக்கா, சோறெண்டா பந்தி வைக்கணும், ஆக்களக் கூப்பிடணும், பரிமாறணும். இது செல்ப் சேர்விஸ். விரும்பினவங்க விரும்பினத எடுப்பாங்க. ஒருத்தர ஒருத்தர் கூப்பிடத் தேவையில்ல."

அந்தக் கடைசி வசனத்தில் மலரின் முகம் கறுத்துப்போனது. பிறகு குசினிக்குள் என்னைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் விசேச வீட்டில் கூப்பிடாமல் யாரும் கை நனைக்கமாட்டார்கள். பெண்ணுக்கு நிச்சயமென்றால் சபையைச் சாப்பிடக் கூப்பிடுவது பெண்ணின் தாய்மாமன். தர்சினிக்கு மாமன் இருக்கிறார்: மலரின் அண்ணன் நாகலிங்கம், வவுணதீவில் வயல் செய்பவர். வயல்வட்டையின் அந்தக் கரையில் நிற்பவனை இந்தக் கரையிலிருந்தே கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவருக்கு. இந்த வீடு குடிபுகுந்த அன்று அதே தொண்டையால் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். நிறுவனத்து வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்களாம். சிவபாலன் ஐயாவுக்கு வெட்கமாகிவிட்டது. "மச்சான், இது வட்டை இல்ல. கத்தாதீங்க" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். மனுசன் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கதிரையில் போட்டுவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு வாசலை மிதிக்கவில்லை.

"இப்ப அவர் இல்லாமச் சமாளிக்கத்தான் இந்தச் சான்விச் எல்லாம்" என்று மலர் மூக்கைச் சிந்தினாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் ஓடர் ஓடர்தானே.

அறிவித்தார், கூப்பிடவில்லை

நிச்சயத்தன்று காத்தான்குடியில் வாடகைக்கு எடுத்த கண்ணாடித் தட்டங்களில் எல்லாவற்றையும் அடுக்கிவைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், தட்டு மாற்றினார்கள். சிவபாலன் ஐயா மைக்கைப் பிடித்தார்.

"உணவுகள் இடப்பக்கத்தில் தயார் நிலையில் உள்ளன. உங்கள் வசதிக்கேற்பப் பயன்படுத்திக்கொள்ளலாம்."

ஒரு தலைகூட இடப்பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் வாசல் படலையைப் பார்த்தார்கள், பிறகு விசிறியைப் பார்த்தார்கள். பெரியம்மா சேலைத் தலைப்பை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். சான்விச்சின் ஓரம் காய்ந்து சுருண்டது. வத்தகப்பழம் தண்ணி விட்டது. சிவபாலன் ஐயா மறுபடியும் மைக்கில் அதையே சொன்னார், இம்முறை ஆங்கிலத்திலும் சொன்னார்.

நான் பொறுக்கமாட்டாமல் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணிடம் போனேன். "ஏன் புள்ள, எடுத்துச் சாப்பிடுங்களன். வயிறு பசிக்கல்லையா?"

"பசிக்கிதுதான் அக்கா. அவர் அறிவிச்சார். ஆரும் கூப்பிடல்லையே?"

அதற்குள் மாப்பிள்ளையின் தகப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேட்டியைச் சரிசெய்தார். "அப்ப நாங்க வெளிக்கிடுவமா?" என்றார். கோபமில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். பெண் வீட்டில் கை நனைக்காமல் மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போனால் அந்தச் சம்மந்தம் அந்தப் படலையோடு முடிந்தது. அதற்குப் பிறகு எந்த மட்டையில் எழுதினாலும் ஒட்டாது. மலர் ஓடிப்போய், "அண்ணன் வாறார், கொஞ்சம் இருங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"ஓ, தாய்மாமன் வாறாரா? அப்ப இருப்பம்" என்று அந்த மனுசன் திரும்ப உட்கார்ந்தார்.

வராத அண்ணனை எங்கே போய்ப் பிடிப்பது? தர்சினி நிச்சயச் சேலையோடு குசினிக்குள் ஓடிவந்து போனை எடுத்தாள். "மாமா, வாங்க மாமா" என்று அழுதாள். அவர் குரலுக்கு ஸ்பீக்கரே தேவைப்படவில்லை.

"அழாத மகள். மாமன்ட மனசு நிறைஞ்ச வாழ்த்து உனக்கிரிக்கி. ஆனா உங்கப்பா வட்ஸ்அப் குறூப்பில கார்ட் போட்டிரிக்கார். கார்டப் பாத்து வாறத்துக்கு நான் என்ன குறூப் மெம்பரா?"

அவரும் கதிரையில் இருந்தவர்களைப் போலத்தான் காத்திருந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை.

தர்சினி போனைக் குசினி வாசலில் நின்ற தகப்பனிடம் நீட்டினாள். "அப்பா, நீங்க கூப்பிடுங்க. இல்லாட்டி எனக்கு இந்தக் கலியாணம் இல்ல."

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ சண்டைகளுக்குப் பயிற்சிப்பட்டறை வைத்தவர் சிவபாலன் ஐயா. தன்னுடைய மச்சானோடு கதைக்க, மைக்கைப் பிடிப்பதுபோலப் போனை வாய்க்கு முன்னால் பிடித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மச்சான்... அண்டைக்கு நான் கதைச்சது பிழை. மகளுக்காக ஒருக்கா வாங்க. ஆக்கள் சாப்பிடாம இரிக்காங்க."

மலர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வாறன்" என்று அந்தப் பக்கமிருந்து வந்தது.

நெல் வெட்டு நடந்துகொண்டிருந்த வயலிலிருந்து பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்தார். சேட்டு புதிது, தலையில் வைக்கோல் தூசு. மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். என் பக்கம் குனிந்து, "தங்கச்சி, இது பலகாரமா, சாப்பாடா?" என்று கேட்டார்.

"சாப்பாடுதான் அண்ணன். இவ்வளவுதான்."

அவர் சிவபாலன் ஐயாவின் பக்கம் திரும்பினார். "மெதுவாக் கூப்பிடுறதா, சத்தமாக் கூப்பிடுறதா?"

"சத்தமாக் கூப்பிடுங்க, மச்சான்."

கூப்பிட்டார் பாருங்கள்! "சம்மந்தி, எழும்புங்க! பெரியம்மா, கையக் கழுவிற்று வாங்க! தம்பிமார், என்ன பாத்துக்கொண்டு இரிக்கிறயள்?" கதிரை கதிரையாகப் போய்க் கையைப் பிடித்து எழுப்பினார். அந்தச் சத்தத்தில் கல்லடிப் பாலத்தில் போனவர்களுக்கும் பசித்திருக்கும். காய்ந்த சான்விச், தண்ணி விட்ட பழம், ஒன்றும் மிஞ்சவில்லை. என் கட்லட்டைப் பெரியம்மா திரும்பத் திரும்ப வந்து எடுத்தார். என்ன போட்டுச் செய்தது என்றும் கேட்டார். பசி போட்டுச் செய்தது என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து வாய் துடைக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "இதுக்கு மறுகா சோறு எப்ப?"

சிவபாலன் ஐயாவின் முகம் செத்துப்போனது. நாகலிங்கம் அண்ணன் அசரவில்லை.

"சோறு கலியாணத்துக்கு! அண்டைக்கு இறாலும் இரிக்கி, நண்டும் இரிக்கி. ஒருத்தரும் தப்பேலா!"

சபை சிரித்தது. மாப்பிள்ளையின் தகப்பன் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப நல்ல நாளாப் பாருங்க சம்மந்தி" என்றார். சிவபாலன் ஐயா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, தட்டம் கழுவப் போய்விட்டேன்.

ஆகவே பிள்ளைகளே, எல்லாருக்கும் பிடித்த லேசான சாப்பாடு எதுவென்று என்னைக் கேட்காதீர்கள். கட்லட் போடுங்கள், புட்டுப் போடுங்கள், உங்கள் விருப்பம். நான் இப்போது ஓடர் எடுக்கும்போது எத்தனை பேர் என்பதைப் பிறகுதான் கேட்பேன். முதலில் கேட்பது, சாப்பிட யார் கூப்பிடுவார் என்பதை. அநேகம் பேர் சிரித்துக்கொண்டு ஒரு பெயரைச் சொல்வார்கள். சிலர் நிலத்தைப் பார்ப்பார்கள். அவர்களிடம் நான் அட்வான்ஸ் வாங்குவதில்லை. முதலில் அந்த ஆளோடு போய்க் கதைத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.