பூட்டில்லாத இசைத்தாள்

எங்கள் மாதா கோவில் பாடற்குழுவின் நான்கு குரல் இசைத்தாள்கள் அத்தனையும் ஒரே ஒருவரின் லேப்டாப்பில் இருந்தன. ஆர்கன் வாசித்தவர் அவர். விலை கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளில் பல வருடங்களாகப் பாட்டுகளை அடித்து வைத்திருந்தார். கப்பலில் வேலை கிடைத்துப் புறப்பட்டபோது எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு என்னிடம் தந்தார். நான் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல், பாடுகிறவள். பகலில் துறைமுகத்துக்குப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் சரக்குக் கப்பல்களுக்கான ஆவணங்கள் அடிக்கிறவள். கம்ப்யூட்டர் தெரியும் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கோவில் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். அதில் ஒரு பாட்டுகூடத் திறக்கவில்லை. அவர் போனில் பேசியபோது கேட்டேன்.

"லைசென்ஸ் முடிஞ்சிட்டு. இப்ப எனக்கே தொறக்க மாட்டேங்கு," என்றார்.

அவரே மெட்டமைத்த பாட்டுகளும் அதற்குள் இருந்தன. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இனி எங்கள் பாட்டு யாருடைய பூட்டுக்குள்ளும் இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

புதிதாக அடிப்பதற்காக, பாடகர்கள் வீட்டில் வைத்திருந்த ஜெராக்ஸ் தாள்களைச் சேகரித்தேன். லினக்ஸுக்கு இலவசமாக முதலில் கிடைத்தது, எழுத்தாக அடிக்கும் மென்பொருள். சுரத்துக்கு ஓர் எழுத்து, நீளத்துக்கு ஓர் எண். கடைசியில் தாள் அழகாகத்தான் வந்தது. ஆனால் ஒத்திகையில் ஆண்களில் தாழ்ந்த குரலான பேஸ் பாடும் அண்ணாச்சி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நிறுத்தச் சொன்னார். ஒரு சுரம் தப்பு.

அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினேன். வரிவரியாக எழுத்தும் எண்ணும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏளா, இதுல பாட்டு எங்கன இருக்கு? எனக்குக் கோட்டக் காட்டு. வெரல வச்சுச் சொல்லுதேன்."

சுருக்கென்றது. என்னால் மட்டுமே திருத்த முடியும் என்றால், ஆர்கன்காரரோடு போனதுபோல நாளை என்னோடும் எல்லாம் போகும்.

அதனால் இசைத்தாளின் ஐந்து கோடுகளைத் திரையிலேயே காட்டுகிற, சுரத்தை மவுஸால் பிடித்து வைக்கிற வேறொரு இலவச மென்பொருளைத் தேடி நிறுவினேன். அண்ணாச்சியே உட்கார்ந்து, தப்பாக இருந்த சுரத்தை ஒரு கோடு கீழே இறக்கினார். ஒலிக்கவிட்டுக் கேட்டார், இன்னொரு தடவையும் கேட்டார். பிறகு எழுந்திருக்கவே மனமில்லை அவருக்கு.

அடுத்த தொல்லை தமிழில் வந்தது. சுரத்துக்குக் கீழே பாட்டு வரியில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளிகளாலான ஒரு வட்டம். அந்த மென்பொருளை எழுதுகிறவர்களின் இணையப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் புகார் எழுதினேன். எது சரியான வடிவம் என்று எங்கோ இருந்து ஒருவர் கேட்டார். வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. மறுவாரம் கேட்டேன். அதற்கடுத்த வாரமும் கேட்டேன்.

திருவிழா நெருங்கிவிட்டது. திரேஸ்புரத்திலிருந்து வரும், பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோ பாடும் அக்கா சொன்னார்: "பேனாவால எழுதிட்டுப் போவமே. யாருளா பாக்கப் போறா?"

"எழுதுவோம்க்கா. ஆனா கேக்குதத நிறுத்த மாட்டேன்."

சுரங்களை அச்சடித்து, வரிகளை நாங்கள் இருவரும் கையால் எழுதினோம். திருவிழாத் திருப்பலியில் நான்கு குரலும் பிசகாமல் சேர்ந்தன. பேஸ் வரிசையிலிருந்து அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

சில வாரம் கழித்து அந்த மென்பொருளின் சோதனைப் பதிப்பு ஒன்று வந்தது. 'கொ' முழுசாக நின்றது. ஆனால் நீண்ட சொற்களை அசைகளாகப் பிரித்தால் மெய்யெழுத்தின் புள்ளி நழுவி அடுத்த சுரத்தின் கீழ் விழுகிறது. அதையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்தப் புகாரை அனுப்புவதற்கு முன், எந்தச் சுரத்தின் கீழ் எந்த எழுத்து வர வேண்டும் என்று அண்ணாச்சி படத்தில் விரலை வைத்து ஒரு தடவை சரிபார்த்தார்.